ஐ7 என்றால் எந்த ஐ7?

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு கேம் கொம்பியூட்டர் பற்றிய கேள்விகள் குவியும். இம்முறை வந்தவற்றில் ஆறு.

மகன் கேம் விளையாட ஒரு கொம்பியூட்டர் கேட்கிறான். ஒரு கடையில் ரைசன் 5 5600ஜி புரொசசர் போடுங்கள், கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை என்கிறார்கள். இன்னொரு கடையில் கோர் ஐ3 12100எஃப், அதோடு பாவித்த கார்ட். எதை எடுப்பது? (ஒரு தாய், களுவாஞ்சிக்குடி)

இரண்டும் புரொசசர்கள், கொம்பியூட்டரின் மூளை. ரைசன் ஏஎம்டியுடையது, கோர் ஐ இன்டெல்லுடையது. முதலில் மகனிடம் என்ன கேம் என்று கேளுங்கள் அம்மா. வலொரன்ட் மாதிரி இலேசானவை என்றால் 5600ஜி போதும். அதற்குள்ளேயே வேகா 7 கிராபிக்ஸ் இருக்கிறது. ஆனால் அதற்கென்று தனி நினைவகம் கிடையாது, ரேமில்தான் பங்கு எடுக்கும். 16 ஜிபி ரேம் ஒன்று போட்டுத் தந்தால் வாங்காதீர்கள், 8 ஜிபி இரண்டாகக் கேளுங்கள். ஒரே துண்டாகப் போட்டால் வேகம் நன்றாகவே விழும்.

புதிய பெரிய கேம்கள் என்றால் 12100எஃப்பும் கார்டும்தான். நான்கு கோர் (வேலை செய்யும் பகுதிகள்), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). பின்னாளில் கை வசதிப்பட்டால் அதே மதர்போர்டில் ஆறு கோர் உள்ள 12400எஃப் போடலாம். ஒன்று மட்டும்: பெயரில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கார்ட் பழுதானால் திரையில் எதுவும் வராது, படிப்பு வேலையும் சேர்ந்து நின்றுவிடும். அதனால் பாவித்த கார்டைக் கடையிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்து எடுங்கள்.

“5600ஜி எடுங்கள், பிறகு கார்ட் போடலாம்” என்பார்கள். போடலாம்தான். ஆனால் ஜி இல்லாத சாதாரண 5600இல் கேஷ், அதாவது புரொசசருக்குள் இருக்கும் வேக நினைவகம், 32 எம்பி, 5600ஜியில் 16. கார்டும் புரொசசரும் பேசிக்கொள்ளும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸும் பழைய 3.0. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல அந்தப் பாதையில் நான்கு லேனில் மட்டும் ஓடும் கார்ட் அதில் மூச்சு வாங்கும்.

கோர் ஐ7, 16 ஜிபி ரேம், மலிவாகத் தருகிறார்கள். பாய்ந்து எடுக்கலாமா? (காத்தான்குடி)

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐ7 3770. அது 2012இல் வந்தது தம்பி.

டெஸ்க்டொப் கோர் ஐ புரொசசரின் இலக்கத்தில் கடைசி மூன்றையும் விரலால் மறைத்துப் பாருங்கள், மிஞ்சுவது தலைமுறை. 3770இல் 3, 12100இல் 12. ஒன்றுமே மிஞ்சாவிட்டால் முதலாம் தலைமுறை, கடையை விட்டு வந்துவிடுங்கள். 3770க்கும் நான்கு கோர் எட்டு திரெட்தான், ஆனாலும் இன்றைய ஐ3 அதைத் தூக்கிச் சாப்பிடும். ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு நான்காம் தலைமுறையில்தான் வந்தது, அது இல்லாமல் சில புதிய கேம்கள் திறக்கவே மாட்டா. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்று மைக்ரோசொஃப்ட் சொல்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திவிட்டார்கள். டைப் அடிக்க, பாடம் பார்க்க என்றால் சரி. கேமுக்கு வேண்டாம்.

என்னிடம் பி450 போர்டும் ரைசன் 3 1200உம் இருக்கின்றன. எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதிதாக வாங்கவா? (அக்கரைப்பற்று)

விற்காதீர்கள்! இந்தப் பட்டியலிலேயே அதிர்ஷ்டசாலி நீங்கள்தான். போர்ட், ரேம், கேசிங் எல்லாம் இருக்கட்டும், ரைசன் 5 5600 மட்டும் வாங்குங்கள். பழையதும் புதியதும் 65 வாட்தான். போர்ட் தயாரிப்பாளரின் பட்டியலில் 5600 இருக்கிறதா என்று பார்த்து, பழைய புரொசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை, அதாவது போர்டின் அடிப்படை மென்பொருளை, அப்டேட் செய்யுங்கள். மாற்றிய பிறகு செய்ய நினைத்தால் கொம்பியூட்டர் எழும்பாமலும் போகலாம். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டே செத்துவிடக்கூடும். நம்மூர் கரண்டை நம்பி யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

அப்புறம் கூலர், புரொசசர் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேன். உங்கள் போர்டின் சொக்கெட் ஏஎம்4, அதில் செருகும் புரொசசருக்கு 1331 பின்கள் புரொசசரிலேயே இருக்கின்றன. இடையில் பூசிய வெப்பப் பேஸ்ட் காய்ந்த கூலரை நேரே மேலே இழுத்தால், சொக்கெட்டின் பூட்டு பூட்டியபடி இருக்க, புரொசசரும் அதில் ஒட்டிக்கொண்டே வந்துவிடும். போன வருடம் ஒரு பையன் அப்படிக் கழன்றதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான், ஒரு வரிசை பின் புல் மாதிரிச் சாய்ந்து கிடந்தது. 0.5 பென்சிலில் ஈயத்தை எடுத்துவிட்டு, அதன் வெறும் முனையை ஒவ்வொரு பின்னிலும் மாட்டி மெதுவாக நிமிர்த்தினேன். ஒன்றேகால் மணி நேரம். ஒரு பின் உடைந்திருந்தாலும் காசு போயிருக்கும். ஆகவே ஒரு பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, வயரைக் கழற்றிவிட்டு, கூலரை இடம் வலமாகத் திருகி எடுங்கள்.

இணையத்தில் போட்டுப் பார்த்தால் என் புரொசசருக்கும் கார்டுக்கும் 18 சதவீதம் பொட்டில்நெக் என்று வருகிறது. (கல்முனை)

பொட்டில்நெக் என்றால் ஒன்று மற்றதைப் பின்னுக்கு இழுப்பது. அந்த எண்ணை மறந்துவிடுங்கள். கேமில் ரெசொலூஷனைக் குறையுங்கள். ஃபிரேம் (விநாடிக்கு வரும் படங்கள்) ஏறினால் இழுப்பது கார்ட், ஏறாவிட்டால் புரொசசர். உங்கள் மொனிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள், 60 ஃபிரேம் சீராக வருகிறதென்றால் எதையும் மாற்ற வேண்டாம்.

ஏஎம்டியின் புதிய சொக்கெட்டான ஏஎம்5க்குப் போகலாமா? (திருக்கோவில்)

காசு இருந்தால் போகலாம், நாளைக்கு உதவும். ஆனால் அதில் டிடிஆர்5 ரேம் மட்டும்தான், உங்களிடம் இருக்கும் டிடிஆர்4 ரேம் செருகாது. போர்ட், ரேம் இரண்டும் சேர்ந்து கார்டுக்கு வைத்த காசைத் தின்றுவிடும். நான் போகமாட்டேன்.

வீடு கடலோரம். புரொசசரோடு வரும் ஃபேன் தாங்குமா? (வாழைச்சேனை)

தாங்கும். 5600க்கு வெப்ப எல்லை 90 பாகை, 12100எஃப்க்கு 100. நம்மூர் வெயிலிலும் பெட்டியோடு வரும் ஃபேன் சமாளிக்கும். பெட்டியில்லாமல் விற்கும் ட்ரே புரொசசருக்கு ஃபேன் வராது, விலை பேசும்போது அதையும் கணக்கில் சேருங்கள்.

எனக்குப் பயம் உப்புக்காற்றில்தான். கேசிங்கை ஜன்னலோரம் வைக்காதீர்கள். சில மாதங்களில் திரை கறுத்துப்போய் ஃபேன் மட்டும் சுற்றினால் புரொசசர் போய்விட்டதென்று பதற வேண்டாம். ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்து, தூளை ஊதிவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கடற்கரைப் பக்கமிருந்து என் மேசைக்கு வருகிறவற்றில் பல அதோடு எழும்பிவிடுகின்றன.