எச்சரிக்கை வந்தால் ஓடத்தான் வேண்டுமா?

கேள்வி: 2004 சுனாமியில் என் சித்தப்பாவை இழந்தேன். 2012 ஏப்ரலில் மறுபடியும் சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் என்றதும், கைக்குழந்தையோடு உள்ளே இருக்கும் சிக்கல் ஊர் வரை ஓடினோம். அலையே வரவில்லை. "இனி யார் சொன்னாலும் நகர மாட்டேன்" என்கிறார் என் மாமியார். அவருக்கு என்ன சொல்வது?
– வாசகி, அக்கரைப்பேட்டை

பதில்: அவரை அப்படியே விட்டுவிடாதீர்கள், அம்மா. இரண்டும் சுமத்ரா பக்கம்தான் என்றாலும், நிலம் அசைந்த விதம் வேறு.

பூமியின் மேலோடு தட்டுகள் எனப்படும் பெரும் பாறைத் துண்டுகளால் ஆனது. சுமத்ராவை ஒட்டி இந்தியத் தட்டு, பக்கத்துத் தட்டுக்கு அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் புதைந்துகொண்டே போகிறது. இரண்டும் இறுகிக்கொண்ட இடத்தில் மேல்தட்டின் விளிம்பும் கீழே இழுபட்டு வளைந்திருந்தது. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு அந்தப் பிடி விட்டது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு ஓடியது. எழும்பிய கடலடி, மேலிருந்த தண்ணீரையும் சேர்த்துத் தூக்கியது. 2012-இல் அளவு 8.6. ஆனால் பாறைகள் பக்கவாட்டில்தான் நழுவின. குளத்தில் நின்று, நீருக்கடியில் உள்ளங்கையைச் சட்டென்று உயர்த்திப் பாருங்கள். பிறகு அதே கையைக் கத்தி போல் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். மாமியாருக்கும் செய்து காட்டுங்கள்.

முதல் சில நிமிடங்களில் இந்த வேறுபாடு யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால்தான் முதலில் ஓடச் சொல்கிறார்கள். கடல்மட்ட அளவுகள் வந்த பிறகு எச்சரிக்கையைத் திரும்பப் பெறுகிறார்கள். 2004-இல் நமக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அவகாசம் இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007-இல்தான் வந்தது. சுனாமி வந்தபோது நான் நாகையில் புவியியல் ஆசிரியன். கரும்பலகையில் எத்தனையோ முறை தட்டுகளை வரைந்திருக்கிறேன், அவற்றுக்கு மேலே கடலை ஒருமுறையும் வரைந்ததில்லை. பள்ளி திறந்த நாளில் வருகைப் பதிவேட்டை என்னால் வாசிக்க முடியவில்லை. நம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் போனார்கள், அம்மா.

இன்னொன்று. கடல் உள்வாங்கினால்தான் ஆபத்து என்று பலர் நம்புகிறார்கள். அன்று தாய்லாந்தில் முதலில் கடல் பின்வாங்கியது. நம் கரையில் முதலில் ஏறியே வந்தது. உள்வாங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: கடல்நீர் புகுந்த எங்கள் வயலில் மறுபடியும் நெல் விளைந்தது எப்படி?
– வாசகர், வேளாங்கண்ணி அருகே

பதில்: சம்பாப் பயிர் நின்றிருந்தபோது உப்பு ஏறியது. வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, வடித்து, மறுபடியும் தேக்கினார்கள். ஜிப்சம் இட்டார்கள், தழையுரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். பெரும்பங்கு வேலையைச் செய்தது மழைதான். ஆனால் கரைந்த உப்பு வெளியேற வடிகால் திறந்திருக்க வேண்டும். உங்கள் வயலின் வடிகால் வாய்க்கால் இப்போது தூர்ந்து கிடந்தால், அடுத்த மழைக்கு முன்பே வெட்டிவிடுங்கள்.