நாய் குரைத்தால் திடுக்கிட்ட மூப்பர்: மென்னோ சிமன்ஸ் பற்றிக் கேள்வி பதில்

விசுவாசித்த பெரியவர்களுக்கே ஞானஸ்நானம், ஆயுதம் வேண்டாம் என்கிற மென்னோனைட் கிறிஸ்தவ சபைகளுக்குப் பெயர் தந்த மென்னோ சிமன்ஸ் பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை: அவரைப் பற்றிச் சுற்றுகிற கதைகளில் பல பிற்காலத்தில் சேர்ந்தவை.

கத்தோலிக்கக் குருவாயிருந்தவர் ஏன் வெளியே வந்தார் ஐயா? (நாகர்கோவில்)

ஒரே நாளில் வரவில்லை, பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. 1496இல் இன்றைய நெதர்லாந்திலுள்ள ஃப்ரீஸ்லாந்தின் விட்மார்சும் கிராமத்தில் பிறந்தவர். 1524இல் குருப்பட்டம் பெற்றுப் பக்கத்து ஊரான பிங்யுமில் பூசை செய்தார். முதல் வருஷத்திலேயே, அப்பத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம், இது நிஜமாகவே கர்த்தருடைய சரீரமா என்ற சந்தேகம் வந்தது. பிசாசின் தூண்டுதல் என்று நினைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்தும் அது போகவில்லை. அதன் பிறகுதான் புதிய ஏற்பாட்டைத் திறந்தார். அதுவரை வேதத்தைத் தொட்டதே இல்லை, வாசித்தால் வழிதவறிவிடுவேனோ என்று பயந்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். குருவானவரே இப்படி எழுதுகிறார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

1531இல் லீவார்டன் நகரத்தில் சிக்கே என்ற தையற்காரரை, குழந்தையில் பெற்றது செல்லாது என்று பெரியவரான பின் மறுபடி ஞானஸ்நானம் பெற்றதற்காகத் தலையை வெட்டினார்கள். இரண்டாவது ஞானஸ்நானம் என்ற பேச்சே மென்னோவுக்குப் புதிது. வேதத்தில் தேடினார், குழந்தை ஞானஸ்நானத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் வேலையை விடவில்லை. சொந்த ஊரான விட்மார்சுமுக்குப் பதவி உயர்ந்து போனார், வசதியாகவே இருந்தார்.

அவரை உலுக்கியது 1535. போல்ஸ்வர்ட் அருகே ஓல்டக்ளோஸ்டர் மடத்தைச் இப்படி மறுபடி ஞானஸ்நானம் பெற்றவர்கள் சுமார் முந்நூறு பேர் ஆயுதத்தோடு பிடித்துவைத்தார்கள், சில நாட்களில் ராணுவம் மடத்தை மீட்டது. பெரும்பாலோர் செத்தார்கள். அவர்கள் தவறான போதனையில் விழுந்தவர்கள்தான். ஆனாலும் நம்பியதற்காக உயிரைக் கொடுத்தார்கள், நானோ உண்மை தெரிந்தும் சுகத்துக்காக வாய்மூடியிருக்கிறேன் என்று அந்த இரத்தம் அவர் மனதில் பாரமாக இறங்கியது. 1536 ஜனவரியில் எல்லாவற்றையும் விட்டு வெளியேறினார்.

மென்னோதானே மறுஞானஸ்நான இயக்கத்தை ஆரம்பித்தவர்? (மதுரை)

இல்லை. 1525 ஜனவரி 21 அன்று சூரிக் நகரில் கான்ராட் கிரெபல் ஜார்ஜ் பிளௌராக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்ததுதான் தொடக்கம். அப்போது மென்னோ பிங்யுமில் பூசை செய்துகொண்டிருந்தார்.

முன்ஸ்டரில் ராஜ்யம் அமைத்துப் பலதாரமணம் நடத்தினார்களே, அது இவர் கூட்டம்தானே? (சென்னை)

இல்லை. ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரை மறுஞானஸ்நானக்காரர்களில் ஒரு கூட்டம் பிடித்து ஆண்டது 1534 முதல் 1535 ஜூன் வரை, மென்னோ அப்போது இன்னும் கத்தோலிக்கக் குரு. அந்த ராஜாவான லைடன் யானுக்கு எதிராக எழுதியவர் அவர். சிதறிப்போனவர்களைத் தேடி, ஆயுதம் வேண்டாம் என்று கூட்டிச் சேர்த்ததுதான் அவருடைய பெரிய வேலை.

மூப்பர் என்றால் என்ன வேலை? நம் சபை மூப்பர் மாதிரியா? (பாளையங்கோட்டை)

அல்ல, தம்பி. நம் ஊரில் மூப்பர் காணிக்கைத் தட்டு எடுப்பார், கமிட்டியில் இருப்பார். அங்கே உள்ளூர்ப் பிரசங்கிகள் போதிக்கலாம், ஞானஸ்நானமும் இராப்போஜனமும் கொடுக்க மூப்பர்தான் வரவேண்டும். அதனால் ஊர் ஊராக ஓடவேண்டும். லீனார்ட் பௌவன்ஸ் என்ற மூப்பர் 1551 முதல் 1582 வரை தாம் ஞானஸ்நானம் கொடுத்தவர்களைக் குறித்துவைத்தார், எண்ணிக்கை 10,252.

மென்னோவை 1537 வாக்கில் ஓபே பிலிப்ஸ் என்ற மூப்பர் மூப்பராக அபிஷேகம் செய்தார். சில வருஷத்தில் ஓபேயே விலகிப்போனார், பாரம் இவர் தலையில் விழுந்தது. 1539இல் இவருக்கு வீட்டில் இடம் கொடுத்த ட்யார்ட் ரெய்ன்டர்ஸைக் கொன்றார்கள். 1542இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசர் இவர் தலைக்கு 100 கில்டர் விலை வைத்தார். மனைவி கெர்ட்ருயிட்டையும் சின்னப் பிள்ளைகளையும் அரை வருஷம் பத்திரமாய் வைக்க ஒரு குடிசை கிடைக்கவில்லை என்று 1544இல் எழுதினார். மற்றப் போதகர்கள் மெத்தையில் படுக்கிறார்கள், நாங்கள் நாய் குரைத்தால் சேவகன் வந்துவிட்டானோ என்று திடுக்கிடுகிறோம் என்பது 1554இல் எழுதிய வரி.

முன்ஸ்டர் கலகத்துக்கு இவரும் பொறுப்புதானே? (கோவை)

மேலே சென்னை வாசகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

எம்டன் ஸ்வான் ருட்கர்ஸ் விஷயத்தைச் சொல்லமாட்டீர்களா? பெண்ணைக் கைவிட்டவர் எப்படிப் பெரிய மூப்பர்? (திருச்சி)

சொல்கிறேன், சகோதரி. ஸ்வான் ஜெர்மனியின் எம்டன் நகரத்துச் சபைப் பெண், அவர் கணவரைச் சபை விலக்கியது. விலக்கப்பட்டவரோடு சாப்பாடும் படுக்கையும் கூடாது, மனைவியும் பிரிந்திருக்கவேண்டும் என்றார் பௌவன்ஸ். ஸ்வான் மறுத்தார். அவரையும் விலக்குவோம் என்று கெடு வைத்தார்கள். 1556இல் மென்னோ எம்டனுக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன் என்றார். அடுத்த வருஷமே பௌவன்ஸ் பக்கம் சாய்ந்தார். சபை உடைந்தது: மென்மையான பக்கம் வாட்டர்லாந்தர்கள் என்று தனியே போனார்கள்.

அப்படியானால் கோழைத்தனம்தானே? (திருச்சி, மறுபடி)

அந்த வார்த்தையை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இருபது வருஷம் ஒளிந்து வாழ்ந்து சேர்த்த சபை இரண்டாகப் பிளப்பதைப் பார்த்த கிழவர், பிளவைத் தடுக்க வளைந்தார், பிளவும் நிற்கவில்லை. ஆனால் விளைவை மறைக்கவும் மாட்டேன். புருஷன் பெண்ஜாதியைச் சபை பிரித்தது தவறு, முதலில் எழுதிய கடிதம்தான் சரி. இதே மென்னோ 1553இல், கணவன் மூப்பராயிருப்பதால் உயிருக்குப் பயந்த பௌவன்ஸின் மனைவிக்கு ஆறுதல் கடிதம் எழுதியவர். குடும்பத்தின் பயம் அவருக்குத் தெரியாததல்ல. அதனால்தான் எனக்கு இந்தச் சறுக்கல் அதிகமாக வலிக்கிறது.

வேதம் விலக்கச் சொல்கிறதே, 1 கொரிந்தியர் 5? (தூத்துக்குடி)

கலந்திருக்கக்கூடாது, "புசிக்கவுங்கூடாது" என்று இருக்கிறது. மனைவி தாம்பத்தியத்தை விடவேண்டும் என்று அங்கே ஒரு சொல் இல்லை. அதே நிருபம் 7ஆம் அதிகாரம், அவிசுவாசியான கணவன் சேர்ந்திருக்கச் சம்மதித்தால் மனைவி அவனைத் தள்ளிவிடக்கூடாது என்கிறது. இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்.

ஆமிஷ் மக்களும் இவர் சீஷர்களா? (பெங்களூரு)

அது 1693இல் யாக்கோபு அம்மான் என்பவரால் மறுஞானஸ்நானக்காரர்களுக்குள் வந்த பிரிவு. தனியாகக் கேளுங்கள்.

அவர் படம் ஒன்று போடுங்களேன்? (சேலம்)

உயிரோடு இருக்கும்போது பார்த்து வரைந்த படம் இல்லை. இணையத்தில் வருகிற தாடிக்காரர் பிற்காலக் கற்பனை, நம்பாதீர்கள்.

கடைசிக் காலம்? கல்லறை எங்கே? (வேலூர்)

வட ஜெர்மனியின் ஹோல்ஸ்டைனில் பிரபு ஆலஃபெல்ட் தன் பண்ணை நிலத்தில் இடம் கொடுத்தார், அங்கே ஓர் அச்சகமும் நடந்தது. மென்னோ கால் ஊனமாகி ஊன்றுகோலோடு நடந்தார். எழுதிய நூல்களின் முகப்பில் எல்லாம் 1 கொரிந்தியர் 3:11, இயேசுகிறிஸ்துவே அஸ்திபாரம் என்ற வசனம். மனைவி முன்பே போய்விட்டார். 1561 ஜனவரி 31 அன்று இறந்தார், தோட்டத்திலேயே புதைத்தார்கள். பிறகு முப்பதாண்டுப் போரில் அந்தக் குடியிருப்பே அழிந்தது, கல்லறை எந்த இடம் என்று அடையாளம் இல்லை.