ஆக்சானைப் பகுதி பிரிக்கும் புரதங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஆக்சான் (நரம்புச் செல்லின் நீண்ட இழை) சவ்வில் மிதக்க வேண்டிய சோடியம் வாய்க்கால்கள் (சோடியம் அயனியை உள்ளே விடும் புரதங்கள்) ரான்வியர் கணுவில், அதாவது ஆக்சானைச் சுற்றிய மயலின் உறையின் இடைவெளியில், எப்படிக் குவிந்து நிற்கின்றன?

பதில்: கட்டிப்போடுவது அங்கிரின்-ஜி என்ற நங்கூரப் புரதம். வாய்க்காலின் இரண்டாம், மூன்றாம் டொமைன்களுக்கு (புரதத்தின் பெரும் பகுதிகளுக்கு) இடையே செல்லுக்குள் தொங்கும் வளையத்தில் அங்கிரின் பற்றும் ஒரு சிறு துண்டு இருக்கிறது. அங்குள்ள செரின் அமினோ அமிலங்களில் கேசின் கைனேஸ்-2 என்ற நொதி பாஸ்பேட் சேர்த்தால் பிடி இறுகும். அங்கிரின், செல்லின் உள்சட்டகப் புரதமான பீட்டா-4 ஸ்பெக்ட்ரினைப் பிடிக்க, ஸ்பெக்ட்ரின் ஆக்டின் என்ற இன்னொரு சட்டகப் புரதத்தைப் பிடிக்கிறது. பீப்பாய்க்குப் பட்டை பூட்டியதுபோல ஆக்சானைச் சுற்றி ஆக்டின் வளையங்கள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளி சுமார் 190 நானோமீட்டர். அந்த அளவைத் தீர்மானிப்பது ஸ்பெக்ட்ரினின் நீளம். 2013இல்தான் இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் இந்த இடைவெளி தெரியாது, மீநுண் பகுதிறன் நுண்ணோக்கி வேண்டும்.

கேள்வி: செல் உடலிலிருந்து ஆக்சான் கிளம்பும் தொடக்கப் பகுதியிலும் இதே புரதங்கள்தானே? பிறகு என்ன வித்தியாசம்?

பதில்: சேரும் வரிசைதான் வித்தியாசம், அதுதான் முக்கியமும். 20 முதல் 60 மைக்ரோமீட்டர் நீளமுள்ள தொடக்கப் பகுதி உள்ளிருந்து கட்டப்படுகிறது: முதலில் அங்கிரின்-ஜி வந்து அமரும், மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு வரும். புற நரம்பின் கணுவோ வெளியிலிருந்து தொடங்குகிறது. மயலின் உறையைச் சுற்றும் ஷ்வான் செல் சுரக்கும் கிளியோமெடின் என்ற புரதம், ஆக்சான் சவ்விலுள்ள நியூரோபாசின்-186 என்ற ஒட்டுப் புரதத்தை ஓரிடத்தில் திரட்டுகிறது. அங்கிரினும் வாய்க்காலும் அதன்பின்தான். அங்கிரின்-ஜியை நீக்கினால் தொடக்கப் பகுதி கலைந்து, ஆக்சானின் அந்த முனை டெண்ட்ரைட்டின் (செய்தியைப் பெறும் கிளையின்) குணங்களைப் பெற்றுவிடும். கணுவில் அப்படி ஆகாது. அதன் உறவுப் புரதமான அங்கிரின்-ஆர், பீட்டா-1 ஸ்பெக்ட்ரினுடன் வந்து இடத்தை நிரப்பும்.

கேள்வி: கணுவின் இருபுறமும் மயலின் ஆக்சானோடு ஒட்டும் பாராநோடு எதற்கு?

பதில்: வேலி. ஆக்சான் பக்கம் காஸ்பர், காண்டாக்டின் என்ற புரதங்களும், மயலின் பக்கம் நியூரோபாசின்-155ம் கைகோக்கின்றன. வேலிக்கு அப்பால் காஸ்பர்-2, டேக்-1 என்ற புரதங்களின் துணையுடன் கேவி1.1, கேவி1.2 பொட்டாசியம் வாய்க்கால்கள். வேலி அறுந்தால் அவை கணுவை நோக்கி நகரும், மின்கடத்தல் வேகம் குறையும்.

கேள்வி: நோயாளியிடம் இதைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். நியூரோபாசின்-155க்கு எதிராக ஐஜிஜி-4 வகை எதிர்ப்பொருள் உருவானவர்களுக்குக் கைகால் பலவீனமும் நடுக்கமும் வரும். பார்வைக்கு சிஐடிபி (மயலினைச் சிதைக்கும் நாள்பட்ட புற நரம்பு அழற்சி) போலவே இருக்கும். ஆனால் வழக்கமான இம்யூனோகுளோபுலின் ஊசி பெரும்பாலும் போதிய பலன் தராது. பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து பலருக்குக் கைகொடுக்கிறது. அதனால் எதிர்ப்பொருள் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: எலி மூளைத் துண்டில் சாயமிட்டேன். அங்கிரின் பளிச்சென்று தெரிகிறது, சோடியம் வாய்க்கால் மங்கல். ஏன்?

பதில்: அதிக நேரம் ஃபிக்ஸ் செய்திருப்பீர்கள் (திசுவை வேதிப்பொருளால் பதப்படுத்தியிருப்பீர்கள்). அதற்குப் பயன்படும் பாராஃபார்மால்டிஹைடு, சாய எதிர்ப்பொருள் பற்ற வேண்டிய வாய்க்காலின் அடையாளப் பகுதியை மூடிவிடும். வளர்ப்புச் செல்லுக்கு 4 சதவீதக் கரைசலில் 10–15 நிமிடம் போதும். திசுவென்றால் இரவு முழுக்க ஊறவிடாதீர்கள். இரண்டுமே மங்கினால் காரணம் வேறு: திசுவை எடுக்கத் தாமதமாகியிருக்கும். ஆக்சிஜன் இல்லாமல் கால்சியம் உள்ளே பாய்ந்து, கால்பைன் நொதி அங்கிரினையும் ஸ்பெக்ட்ரினையும் வெட்டிவிடுகிறது. சரியாக வந்த கணுவில் இரண்டு காஸ்பர் பட்டைகளும் நடுவே மெல்லிய ஒரு சோடியம் வாய்க்கால் கோடும் தெரியும். கோடு அகன்று பட்டைகளோடு கலந்தால் சாயத்தைக் குறை சொல்லாதீர்கள், முதலில் பாராநோடைச் சந்தேகியுங்கள்.