அயர்லாந்து ராக்கும் பழைய ரெக்கார்டுகளும்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் அயர்லாந்தின் பழைய ராக் குழுக்களைப் பற்றி ஒரு சின்னப் பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படிக்கப் படிக்க அவ்வளவு சந்தோஷம். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

யு2, கிரான்பெரீஸ் தாண்டி அயர்லாந்து ராக்கில் ஒரே ஒரு குழுவைக் கேட்கச் சொன்னால் யாரைச் சொல்வீர்கள்?
– வாசகர், கோவை

ஹார்ஸ்லிப்ஸ். யோசிக்கவே வேண்டாம்.

இவர்கள் ஆரம்பித்த கதையே அழகு. டப்ளினில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த மூன்று பேரை, ஒரு பியர் விளம்பரத்தில் ராக் குழுவாக நடிக்கச் சொன்னார்கள். கீபோர்டுக்கு ஆள் இல்லை என்று ஜிம் லாக்ஹார்ட்டைக் கூட்டி வந்தார்கள். நடித்தது பிடித்துப்போய் 1970-இல் உண்மையாகவே குழுவாகிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அயர்லாந்துக் குழு என்றால் மூட்டை கட்டிக்கொண்டு லண்டனுக்குப் போகவேண்டும், அங்கே ஒரு கம்பெனி கையெழுத்து வாங்கினால்தான் ரெக்கார்டு. இவர்கள் போகவில்லை. ஓட்ஸ் என்று சொந்தமாக ஒரு லேபிள், அதாவது ரெக்கார்டு வெளியிடும் நிறுவனம், தொடங்கினார்கள், ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை டிப்பரரியில் இருந்த ஒரு பழைய மாளிகைக்கு வரவழைத்து 1972-இல் முதல் எல்.பி.யை (முழுநீள இசைத்தட்டை)ப் பதிவு செய்தார்கள். விளம்பரத்துறை ஆட்கள் அல்லவா, உறையையும் தாங்களே வடிவமைத்தார்கள்: கான்சர்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியத்தின் வடிவத்தில் எட்டு மூலையாக வெட்டிய உறை. அதைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது வருகிற மகிழ்ச்சி போன் திரையில் வரவே வராது.

ஆனால் நீங்கள் அங்கே தொடங்கவேண்டாம். 1973-இல் வந்த 'தி டாய்ன்' ஆல்பத்தில் தொடங்குங்கள். அயர்லாந்தின் மிகப் பழைய காவியக் கதை ஒன்று, ஒரு காளைக்காக ராணி மேவ் படையெடுத்துப் போவதும் குஹூலின் என்ற வீரன் தனியாக நின்று தடுப்பதும். நமக்கு வெட்சியும் கரந்தையும் படித்த நினைவு வரும், ஆநிரை கவர்தல் அங்கேயும் காவியத்துக்குப் பொருளாக இருந்திருக்கிறது! அந்தக் கதையை முழு ராக் ஆல்பமாக்கினார்கள். அதில் 'டியரக் டூம்' என்ற பாட்டின் தொடக்கத்தில் வரும் கிதார் வரிசை, 'ஓ'நீலின் அணிவகுப்பு' என்ற பழைய நாட்டார் மெட்டிலிருந்து எடுத்தது. குழுவின் கிதார் கலைஞர் ஜானி ஃபீன் அதை வாசிக்கிற விதத்தில் பழைய மெட்டு என்ற நினைப்பே வராது, அப்படிப் பாய்ந்து வரும். 1990 உலகக் கோப்பைக்கு அயர்லாந்து கால்பந்து அணி முதல்முறையாகப் போனபோது அணிக்காகப் போட்ட பாட்டிலும் இதே கிதார்தான், அதைத் தயாரித்தவர் யு2-வின் டிரம்மர் லாரி மல்லன். ஹார்ஸ்லிப்ஸ் பெயரே தெரியாத ஒரு தலைமுறை அந்த மெட்டைத் தெருத்தெருவாகப் பாடியது.

அப்புறம் 1976-இல் வந்த 'தி புக் ஆஃப் இன்வேஷன்ஸ்'. அதை ஒரே மூச்சில் கேளுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். 1980-இல் பெல்ஃபாஸ்ட்டில் கடைசி நிகழ்ச்சி நடத்திவிட்டுப் பிரிந்தார்கள். தாங்கள் போட்ட பாட்டுகளின் உரிமையே கையைவிட்டுப் போய், 1999-இல் வழக்காடித்தான் திரும்பப் பெற்றார்கள். இடையில் அந்தப் பாட்டுகளுக்கு உயிர் இருந்தது என்றால், அது தங்கள் வீட்டு அலமாரியில் அந்த எல்.பி.களைப் பத்திரமாக வைத்திருந்து, தேய்ந்தாலும் பரவாயில்லை என்று போட்டுப் போட்டுக் கேட்ட ஆட்களால்தான். ஜானி ஃபீன் 2023-இல் காலமானார்.

அயர்லாந்தில் ராக் எப்போது தொடங்கியது? அதற்கு முன்னால் என்ன கேட்டார்கள்?
– வாசகி, தஞ்சாவூர்

ஷோபேண்ட் என்பார்கள். ஏழெட்டுப் பேர், கோட்டு சூட்டு, டிரம்பெட், சாக்ஸபோன், அந்த வாரம் ரேடியோவில் பிரபலமான பாட்டுகளை அச்சு அசலாக வாசித்து ஊர் ஊராக நடன மண்டபங்களை நிரப்புவார்கள். 60-கள் முழுக்க அவர்கள் ராஜ்யம்தான். அந்தப் பள்ளியில் தேறியவர்கள்தான் பிறகு வந்த பலரும். பாடகர் வான் மாரிசன் ஷோபேண்டில் சாக்ஸ் வாசித்தவர், அப்புறம்தான் 1964-இல் பெல்ஃபாஸ்ட்டின் மேரிடைம் ஹோட்டலில் 'தெம்' குழுவோடு மேடையேறினார். கிதார் கலைஞர் ரோரி கல்லகரும் ஷோபேண்ட் ஆள்தான்.

இன்னொரு தகவல், இது அதிகம் பேருக்குத் தெரியாது: அயர் அப்பேரன்ட் என்ற குழுவின் ஒரே ஆல்பமான 'சன்ரைஸ்' (1969) ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தயாரித்தது. கிதாரும் வாசித்திருக்கிறார். ஆனாலும் அந்தக் குழு நிலைக்கவில்லை.

கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன் வாங்கி வந்த எல்.பி.கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ரோரி கல்லகரின் 'ஐரிஷ் டூர் '74' ஒன்று. விற்றால் நல்ல விலை வருமா?
– வாசகர், புதுச்சேரி

பெரிய விலை வராது, நன்றாக விற்ற ஆல்பம் அது, நிறையப் பிரதிகள் இருக்கின்றன. நான் உங்கள் இடத்தில் இருந்தால் எந்த விலைக்கும் கொடுக்கமாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். 1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் மூன்று ஊர்களிலும் வாசித்ததிலிருந்து எடுத்த பதிவு அது. பெல்ஃபாஸ்ட்டில் தினமும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம், வெளியூர்க் கலைஞர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. ரோரி வருஷா வருஷம் போனார். அந்தக் கூட்டம் எழுப்புகிற சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள், கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று பிரிந்து கிடந்த நகரத்தின் பிள்ளைகள் ஒரே அரங்கில் நின்று கத்துகிற சத்தம் அது. டோனகல் மாவட்டத்தின் பாலிஷானனில் பிறந்து கார்க்கில் வளர்ந்தவர் ரோரி, எந்தப் பக்கமும் சாயாமல் கிதாரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கிதாரும் ஒரு கதை. 1961-இல் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். 1963-இல் கார்க்கில் க்ரவ்லி கடையில் 100 பவுண்டுக்குத் தவணையில் வாங்கினார், அப்போது அவருக்கு 15 வயது. வியர்வை பட்டுப் பட்டு வர்ணமெல்லாம் உதிர்ந்து வெறும் மரமாகவே ஆகிவிட்டது, அவரோ 1995-இல் 47 வயதில் இறக்கும்வரை அதைக் கைவிடவில்லை. 2024-இல் லண்டனில் ஏலம் போனது, கட்டணமெல்லாம் சேர்த்து ஏறக்குறைய 9 லட்சம் பவுண்டு. நல்லவேளை, வாங்கியவர்கள் அதை அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

அண்ணன் இருந்தால் அவரோடு உட்கார்ந்து போட்டுக் கேளுங்கள். எந்தத் துறைமுகத்தில் வாங்கினார் என்றும் கேட்டுக் குறித்து வையுங்கள், அந்தக் குறிப்பும் அந்த ரெக்கார்டோடு சேர்ந்ததுதான்.

மெல்லோ கேண்டில் என்ற குழுவின் ஒரு எல்.பி.க்கு ஏன் அவ்வளவு விலை? உண்மையிலேயே நன்றாக இருக்குமா?
– வாசகர், மதுரை

நன்றாகவே இருக்கும். டப்ளினில் கான்வென்ட் பள்ளியில் படித்த பெண்கள் சேர்ந்து தொடங்கிய குழு. ஒரே ஆல்பம், 'ஸ்வாட்லிங் சாங்ஸ்', 1972, டெரம் லேபிள். பியானோவின் மேல் இரண்டு பெண் குரல்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போகும். வந்தபோது யாரும் வாங்கவில்லை, குழு கலைந்துவிட்டது. விற்காததால் அசல் பிரதிகள் குறைவு, குறைவானதால் விலை. அசலைத் துரத்தவேண்டாம், மறுபதிப்பு வாங்குங்கள், பாட்டு அதேதான். அசல் என்று யாராவது விற்க வந்தால் தட்டில் பாட்டு வரிகள் முடிந்து, நடுவில் ஒட்டிய லேபிளுக்கு முன்னால் இருக்கும் வெறும் வளையத்தில் பொறித்த எண்ணைப் பாருங்கள், உறையையோ லேபிளையோ மட்டும் நம்பாதீர்கள்.

பங்க் (70-களின் கடைசியில் எழுந்த வேகமான, முரட்டு ராக்) காலத்தில் அயர்லாந்தில் என்ன நடந்தது?
– வாசகர், யாழ்ப்பாணம்

பெல்ஃபாஸ்ட்டில் கிரேட் விக்டோரியா தெருவில் டெர்ரி ஹூலி என்பவர் 'குட் வைப்ரேஷன்ஸ்' என்று ஒரு ரெக்கார்டுக் கடை வைத்திருந்தார். குண்டுவெடிப்புக்குப் பயந்து சாயங்காலமானால் ஊர் அடங்கிவிடும், அந்த ஊரில் பாட்டுக் கடை. 1978-இல் கடையின் பெயரிலேயே லேபிளும் தொடங்கினார், முதல் வெளியீடு ரூடி என்ற குழுவின் 'பிக் டைம்'. அதே வருஷம் டெர்ரி என்ற ஊரிலிருந்து அண்டர்டோன்ஸ் குழுப் பையன்கள் வந்து 'டீனேஜ் கிக்ஸ்' பதிவு செய்தார்கள். பிபிசி வானொலியின் அறிவிப்பாளர் ஜான் பீல் அதை அடுத்தடுத்து இரண்டு தடவை போட்டார், தன் வாழ்நாளில் அதைவிடப் பிடித்த பாட்டு இல்லை என்றே சொல்லிவந்தார், அவருடைய கல்லறையிலும் அந்தப் பாட்டின் வரிதான் பொறித்திருக்கிறது. ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸின் 'இன்ஃப்ளேமபிள் மெட்டீரியல்' (1979) தெருவில் நடப்பதை நேராகவே பாடியது. டப்ளின் பக்கம் ரேடியேட்டர்ஸ், அவர்களுடைய 'கோஸ்ட்டவுன்' (1979) ஆல்பத்தை யாராவது திரும்ப ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அதில் பாடிய ஃபிலிப் ஷெவ்ரான் பிறகு போக்ஸ் குழுவில் சேர்ந்தார்.

இவ்வளவு நல்ல குழுக்கள் ஏன் மறைந்துபோயின? தரம் போதவில்லையா?
– வாசகி, சென்னை

தரத்துக்கு ஒரு குறையும் இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

சின்ன நாடு, அங்கே மட்டும் விற்றால் நான்கு பேர் பிழைக்கமுடியாது. ஆகவே லண்டன். லண்டனில் ஒரு கம்பெனி எடுத்துக்கொள்ளும், ஆறு மாதத்தில் அங்கே மேலதிகாரி மாறுவார், புதியவருக்கு இந்தக் குழு பிடிக்காது, முடிந்தது. 1987-இல் 'தி ஜோஷுவா ட்ரீ'யோடு யு2 உலகத்தின் உச்சிக்குப் போனதும் அடுத்த யு2-வைத் தேடி எல்லா கம்பெனிகளும் டப்ளினுக்கு வந்தன, கிடைத்தவர்களையெல்லாம் ஒப்பந்தம் செய்தன. ஆனால் அவர்கள் தேடியது யு2 போல ஒன்றை. அது இல்லாத குழுவை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ரிங்ஸெண்ட் பகுதிப் பையன்கள் தி பிளேட்ஸ், 1979-இல் யு2-வோடு ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டவர்கள், பால் க்ளியரி எழுதிய பாட்டுகளில் வேலையில்லாத டப்ளின் முழுதாக இருக்கிறது. பெரிய கம்பெனி ஒப்பந்தம் நழுவி, கடைசியில் ரீகஸ் என்ற சின்ன லேபிளில் 1985-இல்தான் அவர்கள் ஆல்பம் வந்தது. கார்க்கின் மைக்ரோடிஸ்னி: ஷான் ஓ'ஹேகனின் மெட்டு தேன், கேத்தல் காக்லனின் வரிகள் அத்தனையும் கோபம். இரண்டையும் சேர்த்து எந்த அலமாரியில் வைப்பது என்று விற்பவர்களுக்குப் புரியவில்லை. 1985-இல் வந்த 'தி க்ளாக் கம்ஸ் டவுன் த ஸ்டேர்ஸ்' கேளுங்கள், 80-களில் எந்த நாட்டிலும் வந்த எந்த ஆல்பத்தோடும் அதை நான் தைரியமாக ஒப்பிடுவேன். 1988-இல் பிரிந்தார்கள். முப்பது வருஷம் கழித்து 2018-இல் டப்ளின் தேசிய இசை அரங்கில் அந்த ஆல்பத்தை மேடையில் திரும்ப வாசித்தார்கள். காக்லன் 2022-இல் காலமாகிவிட்டார்.

விப்பிங் பாய் குழுவின் 'ஹார்ட்வர்ம்' (1995) ஆல்பத்தின் கதையும் இதுதான். விற்கவில்லை, கம்பெனி கைவிட்டது. இன்று அயர்லாந்தின் சிறந்த ஆல்பங்கள் என்று எந்தப் பட்டியல் போட்டாலும் அது இருக்கிறது. அந்தப் பாராட்டு அவர்கள் இளமையாக இருந்தபோது வந்திருக்கவேண்டும், அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

மழைக்காலத்தில் ரெக்கார்டு உறைகளில் பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், நாகர்கோவில்

புத்தகம் போல நேராக நிறுத்துங்கள், சாயவும் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கவும் கூடாது. ஓதம் ஏறும் சுவரிலிருந்து அலமாரியைத் தள்ளி வையுங்கள். உள்ளே காகித உறை பழுத்திருந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிய உறை போடுங்கள். தட்டைக் கழுவக் காய்ச்சி வடித்த நீர், மிருதுவான துணி, லேபிள் நனையக்கூடாது. பழைய 78 சுற்றுத் தட்டுகளில் மட்டும் ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். வெயிலில் காயவைக்காதீர்கள், வளைந்துபோகும். எல்லாவற்றையும்விட முக்கியம், அடிக்கடி எடுத்துப் போட்டுக் கேளுங்கள். கேட்கிற ரெக்கார்டில் பூஞ்சை வந்தால் உடனே கண்ணில் படும்.

டப்ளினில் மேற்படிப்புக்கு வந்திருக்கிறேன். பழைய ரெக்கார்டு தேட எங்கே போவது?
– வாசகி, டப்ளின்

கொடுத்துவைத்தவர் நீங்கள். விக்லோ தெருவில் 'தி சீக்ரெட் புக் அண்ட் ரெக்கார்டு ஸ்டோர்' என்று இருக்கிறது, ஒரு நீளமான நடைவழியாக உள்ளே போகவேண்டும், பெயருக்கேற்ற கடை. அங்கிருந்து பொடிநடையாகப் போனால் ஹாரி தெருவில் தின் லிஸ்ஸி குழுவின் பாடகர் ஃபில் லைனாட் சிலை, டெம்பிள் பார் பக்கம் ரோரி கல்லகர் பெயரில் ஒரு தெருமுனையும் சுவரில் அவர் கிதாரின் வார்ப்பும். தர்மக் கடைகளையும் (தானமாக வந்த பழைய பொருள்களை விற்கும் கடைகள்) விடாதீர்கள், வீடு காலி செய்பவர்கள் அப்பாவின் ரெக்கார்டுகளை அங்கேதான் கொண்டுவந்து போடுகிறார்கள். கடைக்காரரிடம் ஷோபேண்ட் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

ஜூன் தொடக்கத்தில் விடுமுறை வாரக்கடைசியில் பாலிஷானனில் ரோரி பெயரில் விழா நடக்கும், ஊர் நடுவில் அவர் சிலையும் இருக்கிறது. ரயில் கிடையாது, டப்ளினிலிருந்து டோனகல் போகும் பஸ் அந்த வழியாகப் போகும். தங்க அறையை மட்டும் பல மாதம் முன்னாலேயே சொல்லிவையுங்கள், சின்ன ஊர், விழா நாளில் இடமே கிடைக்காது.