பாக் விரிகுடாவில் கடலை முழுதாகப் பேணுவது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்பதால், அந்த நேரத்தில் சினைக்கு வரும் மீனுக்கு நன்மைதான். ஆனால் நீலக்கால் நண்டு ஏறக்குறைய ஆண்டு முழுக்கச் சினை வைக்கும். சினை நண்டை உயிரோடு கடலில் விட்டால்தான் அதற்குப் பயன். தடை முடிந்ததும் எல்லாப் படகும் ஒரே மூச்சில் கிளம்பினால், பிழைத்த குஞ்சுகள் சங்காயமாகி (விலை போகாத கழிவு மீனாகி) மீன்தூள் ஆலைக்குப் போகும். ராமேசுவரம் பக்கம் விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற ஏற்பாடு இருக்கிறது. என் கணிப்பில், தடைக்காலத்துக்கு ஈடான காவல் அது. அதைத் தளர்த்த விடாதீர்கள்.

இழுவை மடியில் (படகு இழுத்துச் செல்லும் பை வலையில்) கண்ணி 40 மி.மீ. இருந்தும் குஞ்சு மீன் சிக்குகிறது. ஏன்?

வைர வடிவக் கண்ணி என்றால் அப்படித்தான். மீன் சேரச் சேரக் கடைசிப் பை இழுபடும், கண்ணி மூடிக்கொள்ளும். அதே 40 மி.மீ. வலையைச் சதுரமாகத் திருப்பிக் கட்டினால், பாரம் ஏறினாலும் ஏறக்குறைய 20-க்கு 20 மி.மீ. வழி திறந்திருக்கும்.

அளக்கும்போது வலை நனைந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக 20 கண்ணிகளை இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுகளின் உட்பக்க இடைவெளியை அளந்து சராசரி எடுங்கள். தையல் ஓரத்தையும் ஒட்டுப்போட்ட இடத்தையும் விட்டுவிடுங்கள். உள்ளே இன்னொரு சிறுகண்ணி வலை கோத்திருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஏமாற்று அங்கேதான். சதுரக் கண்ணியில் முடிச்சு நழுவினாலும், பாசியோ சொறியோ (ஜெல்லிமீனோ) அடைத்தாலும் பயன் போய்விடும்.

படகு உரிமையாளர் நம்பவில்லையா? பையின் மேல், நீள அகலத்தில் ஒன்றரை மடங்குள்ள சிறுகண்ணி உறை ஒன்றைக் கட்டி ஒரு மணி நேரம் இழுங்கள். உறையில் விழுந்ததையும் பையில் நின்றதையும் தனித்தனியே எடை போட்டுக் காட்டுங்கள். தப்பியது எவ்வளவு, அது விலை போகிற மீனா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பெரிய மீனுக்கு இரையையும் கணக்கில் விட்டுவைக்கும் நாடு உண்டா?

நார்வேயும் ரஷ்யாவும் பேரண்ட்ஸ் கடலில் செய்கின்றன. 1980-களின் நடுவில் அங்கே கேப்லின் என்னும் சிறு இரைமீன் சரிந்தபோது, அதைத் தின்னும் காட் மீன் பட்டினியில் மெலிந்தது, கடற்பறவைகள் கூட்டமாக மடிந்தன. இப்போது காட் தின்னும் பங்கைக் கழித்த பிறகும், குறைந்தது 2 லட்சம் டன் கேப்லின் முட்டையிட மிஞ்சும் என்று 95 விழுக்காடு உறுதி இருந்தால்தான் பிடிக்க அனுமதி.

கடற்புல் அழிகிறதா என்று ஊரார் எப்படி அளப்பது?

நீர் நன்றாக வற்றும் நேரத்தில், 25 மீட்டர் இடைவெளியில் 50 மீட்டர் கயிறு மூன்று போடுங்கள். ஒவ்வொரு 5 மீட்டரிலும் 50 செ.மீ. சதுரச் சட்டத்தை வைத்து, புல் எத்தனை விழுக்காடு மூடியிருக்கிறது என்று எழுதுங்கள். தொடக்கப் புள்ளியையும் சேர்த்தால் 33 இடம். பாசியைப் புல்லோடு சேர்த்து எண்ணுவதுதான் வழக்கமான பிழை. அதற்குத் தனிக் கட்டம் வேண்டும். வாடைக் காலத்தில் மணல் மூடுவதால், எந்த மாதம் தொடங்கினீர்களோ அதே மாதத்தில்தான் மறுபடி அளக்க வேண்டும்.

ஆவுளியா (கடற்பசு) காப்பகத்தில் எங்கள் ஊருக்குப் பேச்சு உண்டா?

உண்டு. 2022-இல் அறிவித்த 448 சதுர கி.மீ. பகுதி பாதுகாப்பு ஒதுக்கிடம், தேசியப் பூங்கா அல்ல. வனவிலங்குச் சட்டம் 36பி பிரிவின்படி அதன் மேலாண்மைக் குழுவில் எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஓர் இடம் உண்டு. வேளாண்மைக்கும் கால்நடைக்கும் இடம் ஒதுக்கிய அந்தப் பிரிவு மீன்வளத் துறையைச் சொல்லவில்லை. அவர்களையும் அழைக்கக் கோரி ஊராட்சித் தீர்மானம் போட்டு மாவட்ட வன அலுவலருக்கு அனுப்புங்கள்.