சிப் உங்களுடையது, நாய் இன்னும் அவர்களிடம்

கேள்வி: தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிய எங்கள் லாப்ரடார், இரண்டு மாதம் கழித்து மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டில் இருக்கிறான். தோலுக்கடியில் வைத்த அடையாளச் சிப்பை ஸ்கேன் செய்ததில் எண் எங்களுடையதே. அடிபட்டுக் கிடந்தவனுக்கு ஆபரேஷன் செய்த 26,000 ரூபாயைக் கேட்கிறார்கள். நாங்கள் வாங்கியதே 18,000க்கு! ஒரு பைசா தர மாட்டேன் என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன். அவன் பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள்; மகள் சாப்பிடாமல் கிடக்கிறாள். திருட்டு வழக்கு போடலாமா?
வாசகி, வேளச்சேரி

பதில்: பெயர் மாற்றம், மகளின் பட்டினி இரண்டையும் ஒதுக்கிவையுங்கள். உங்கள் வழக்கு அந்த வாட்ஸ்அப் வரியில் இருக்கிறது.

தெருவில் தனியாகக் கிடந்த நாயை எடுத்துப்போனது திருட்டாகாது. அவர்கள் ‘கண்டெடுத்தவர்’. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 168படி, காப்பாற்றச் செய்த செலவுக்காக உங்கள்மேல் வழக்கு போட அவர்களால் முடியாது. ஆனால் அந்தப் பணம் கைக்கு வரும்வரை நாயைத் தராமல் வைத்திருக்கலாம். “கண்டுபிடித்தால் 10,000” என்று தொகை போட்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தால், அதற்கு மட்டும் வழக்கும் போடலாம்.

பலர் கவனிக்காதது பிரிவு 169. செலவைக் கேட்டும் உரிமையாளர் தர மறுத்து, அந்தச் செலவு பொருளின் (இங்கே நாயின்) மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டினால், கண்டெடுத்தவர் அதை விற்றுவிடலாம். 18,000க்கு அது 12,000. அவர்கள் பில் 26,000. மறுப்பை நீங்களே எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள். இன்றே இன்னொரு செய்தி அனுப்புங்கள்: “மருத்துவமனை பில்லை அனுப்புங்கள், நியாயமான செலவைத் தருகிறேன்.” பழையதை அழிக்காதீர்கள், அது அவர்கள் போனிலும் இருக்கிறது.

அடுத்த ஆபத்து, கேட்டைத் திறந்து நாயைத் தூக்கி வருவது. பழுதுபார்த்த கூலிக்காகக் கடைக்காரர் பிடித்துவைத்த சொந்தக் கடிகாரத்தை எடுத்துப்போனவரும் திருடரே என்று பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 303ஆம் பிரிவின் உதாரணமே சொல்கிறது. திருட்டு வழக்கு போடப் போய் நீங்கள் குற்றவாளியாக நிற்பீர்கள். அத்துமீறி நுழைந்தது தனி வழக்கு.

சிப்புக்கு வருவோம். 15 இலக்க எண் ‘இது அதே நாய்’ என்று சொல்லும். யாருடையது என்று சொல்லாது. சிப் பதிவில் இன்னும் பிரீடரின் (நாயை வளர்த்து விற்றவரின்) பெயரே இருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும். வாங்கிய ரசீது, சிப் ஸ்டிக்கர் ஒட்டிய தடுப்பூசிப் புத்தகம், மாநகராட்சி உரிமம் எல்லாம் உங்கள் பெயரில், ஒரே எண்ணில் இருக்கிறதா பாருங்கள். உரிமம் எடுக்கவில்லை என்பதாலேயே உரிமை போய்விடாது; மற்ற சான்றுகளை வைத்து வாதாடலாம்.

என் யோசனை: பேசி முடியுங்கள். ஒரிஜினல் பில்லுக்கு மட்டும் பணம். சாப்பாடு, பராமரிப்பு என்று சேர்த்தால் பேரம் பேசலாம். கிளினிக்கில் வைத்து ஸ்கேன் செய்து, எண்ணைக் குறித்து, “செலவு பெற்றுக்கொண்டேன், இனி உரிமை கோர மாட்டேன்” என்று கையெழுத்து வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள். அன்றே பதிவில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் ஏற்றிவிடுங்கள்.