மதப் பள்ளியில் சேர்ப்பதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் மகளுக்கு ஆறு வயதாகப் போகிறது. ஒன்றாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்று வீட்டில் தினமும் பேச்சு. நம் மதத்தார் நடத்தும் பள்ளியில் சேர்த்தால் படிப்பும் வரும், பொய் பேசாத பிள்ளையாகவும் வளரும் என்கிறார் என் மாமியார். சாமி கும்பிடுவதை வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம், பள்ளிக்கூடம் படிப்புக்குத்தான் என்கிறார் கணவர். எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, ஆனாலும் முடிவெடுக்க முடியவில்லை. மதப் பள்ளியில் மதிப்பெண் கூடுதலாக வருவது உண்மையா? ஒழுக்கம் அங்கிருந்துதான் வருகிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். ஒன்றின் விடையை மற்றதற்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்போதுதான் குழப்பம் வருகிறது.

முதலில் மதிப்பெண். இந்த விஷயத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்டவை அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகள். அங்கே படிப்பவர்கள் அரசுப் பள்ளி மாணவர்களைவிட முன்னால் இருப்பதாக 1982இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் குழுவினர் எழுதினார்கள். உடனே எதிர்க்கேள்வி எழுந்தது. தேடி அலைந்து, கட்டணம் கட்டிச் சேர்க்கிற பெற்றோர் எந்தப் பள்ளியில் விட்டாலும் பிள்ளையைப் படிக்கவைத்துவிடுவார்களே, அதைப் பள்ளியின் கணக்கில் எழுதலாமா? குடும்பத்தின் பங்கைக் கழித்துப் பார்த்த பிற்கால ஆய்வுகளில் மதிப்பெண் வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோனது. கரையாமல் நின்றது வேறொன்று: இடையில் நிற்காமல் பள்ளிப்படிப்பை முடிப்பவர்களின் விகிதம். பெருநகரங்களில் வாழும் கறுப்பினத்தவர் போன்ற சிறுபான்மையினரின் பிள்ளைகளிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அதற்கான காரணத்தை பிரைக், லீ, ஹாலண்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1993இல் விரிவாக எழுதினார்கள். அந்தப் பள்ளிகள் சிறியவை. 'இவனுக்குக் கணக்கு வராது' என்று ஒதுக்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய ஒரே பாடத்தை நடத்தினார்கள். ஆசிரியர்களும் வகுப்போடு நிற்காமல் மற்ற நேரங்களிலும் பிள்ளைகளோடு இருந்தார்கள். கோல்மன் இன்னொன்றையும் சேர்த்தார்: ஒரே வழிபாட்டிடத்துக்குப் போகும் பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், அதனால் ஒரு பிள்ளை தடம் மாறினால் நாலு பேர் கண்ணில் பட்டுவிடும். மதச்சார்பற்ற பள்ளியாலும் இதையெல்லாம் செய்ய முடியும். ஆனால் ஊதியத்தைப் பார்க்காமல் உழைக்கும் ஆசிரியரையும் ஒன்றுகூடும் பெற்றோரையும் கட்டிவைக்கும் கயிறாகப் பல இடங்களில் நம்பிக்கைதான் இருக்கிறது. உங்கள் மாமியார் பார்த்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். அதைத் தள்ளிவிட முடியாது.

ஒழுக்கத்துக்கு வருவோம். 1920களில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஏறத்தாழ 11,000 பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்தார்கள். ஒரு சோதனை இப்படி: தேர்வு வைத்துத் தாள்களை வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஒவ்வொருவர் எழுதியதையும் படியெடுத்து வைப்பார்கள். பிறகு தாளையும் சரியான விடைகளையும் கையில் கொடுத்து, 'நீங்களே திருத்தி மதிப்பெண் போடுங்கள்' என்பார்கள். திரும்பி வரும் தாளைப் படியோடு ஒப்பிட்டால் எந்த விடையை யார் மாற்றினார்கள் என்று தெரிந்துவிடும். ஞாயிறு பள்ளிக்கு, அதாவது தேவாலயம் ஞாயிறுதோறும் நடத்தும் மத வகுப்புக்கு, ஒழுங்காகப் போனதற்கும் ஏமாற்றாமல் இருந்ததற்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை. ஓரிடத்தில் ஏமாற்றிய அதே பிள்ளை இன்னோரிடத்தில் நேர்மையாக இருந்தது. ஒரே வகுப்பில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் ஒத்து நடந்துகொண்டார்கள். போதனையைவிட வகுப்பறையின் பழக்கம் வலுவானது என்றே இதைப் புரிந்துகொள்கிறேன்.

பெரியவர்களும் விலக்கல்ல. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து உளவியலாளர்கள் டார்லியும் பேட்சனும் செய்த ஆய்வு 1973இல் வெளிவந்தது. அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதையைப் பற்றிப் பேசச் சிலரை அனுப்பினார்கள். வழியில் ஒருவன் சுருண்டு கிடந்தான். நேரமிருந்தவர்களில் 63 சதவீதத்தினர் உதவினார்கள். 'தாமதமாகிவிட்டது, ஓடு' என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதத்தினர்தான். பேசப்போவது அந்தக் கதையா வேறு தலைப்பா என்பது பெரிய மாற்றத்தைத் தரவில்லை.

மதம் பிள்ளைகளைச் சுயநலக்காரர்களாக்குகிறது என்று யாராவது சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். 2015இல் ஆறு நாடுகளின் 1,170 பிள்ளைகளை வைத்து அப்படி ஒரு கட்டுரை வந்து உலகெங்கும் பரவியது. நாடுகளை அடையாளம் காட்டக் கொடுத்த வரிசை எண்களையே அளவுகளாகக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். பிழை தெரிந்து 2019இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே பெயர்ப்பலகையை விட்டுவிட்டு, பள்ளிக்கு நேரில் போய்க் கேளுங்கள். தேர்ச்சி விகிதம் மட்டும் போதாது. 100 பேர் சேர்ந்து, 30 பேரை வழியில் வெளியேற்றி, மிச்சம் 70 பேரும் தேறினால் அதுவும் 'நூறு சதவீதத் தேர்ச்சி'தான். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசி வகுப்புவரை வந்தார்கள் என்று கேளுங்கள். கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள். வாரம் 40 பாடவேளையில் மதத்துக்கு 3 என்றால் கவலையில்லை. 8 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. அது எந்தப் பாடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று விசாரியுங்கள். அறிவியலோ விளையாட்டோ அடிபட்டிருக்கலாம். மேல்வகுப்பு உயிரியலில் பரிணாமமும் இனப்பெருக்கமும் நடத்தப்படுகின்றனவா, 'வீட்டில் படித்துக்கொள்' என்று தாண்டப்படுகின்றனவா என்பதை அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் தெரிந்துவிடும். பிற மதப் பிள்ளைகள் இருக்கிறார்களா, வழிபாட்டு நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள்.

பார்த்து எழுதிப் பிடிபட்ட பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். 'எங்கள் பள்ளியில் அப்படி நடப்பதில்லை' என்றால் எழுந்து வந்துவிடலாம். ஏன் எழுதினாய் என்று கேட்டு, பாடத்தை மறுபடி சொல்லிக்கொடுத்து, வேறு தாள் தருவோம் என்பவரிடம் பிள்ளையை நம்பி விடலாம்.

நான் மிக முக்கியமாக நினைப்பது புகார். ஆசிரியரே கடவுளின் ஆளாகவும் இருக்கும் இடத்தில் அவரைப் பற்றிச் சொல்வது பாவம் என்று பிள்ளை எண்ணிவிடும். பள்ளியின் பெயர் கெடக் கூடாது என்று பெரியவர்களும் மூடிவிடுவார்கள். திருச்சபையினர் நடத்திய நிறுவனங்களில் பல்லாண்டுகள் நடந்த கொடுமைகளை அயர்லாந்து விசாரணை ஆணையம் 2009இல் வெளியிட்டது. அவை அத்தனை காலம் மறைந்திருந்ததற்கு இந்த இரண்டு காரணங்களுக்கும் பங்குண்டு. இது எந்த மதத்துக்கும், மதமற்ற விடுதிப் பள்ளிக்கும் பொருந்தும். நிர்வாகத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் பிள்ளை நேராகச் சொல்ல வழி இருக்கிறதா, அவர் யார், பிள்ளைகளுக்கு அவரைத் தெரியுமா? இதற்குப் பதில் இல்லாத பள்ளி எவ்வளவு பேர்பெற்றதானாலும் வேண்டாம்.

இவற்றில் தேறும் மதப் பள்ளி கிடைத்தால், நம்பிக்கையுள்ள நீங்கள் தயங்காமல் சேர்க்கலாம். தினமும் சிறிது நேர மௌனம், மனப்பாடம், சேர்ந்து பாடுவது, பிறருக்குச் சேவை செய்வது எல்லாம் ஆறு வயதில் நன்றாகப் படியும். தேறும் பள்ளி மதச்சார்பற்றது என்றால் அங்கே சேர்த்துவிட்டு, பிரார்த்தனையையும் கதைகளையும் மாமியாரிடம் ஒப்படையுங்கள். எதுவானாலும் முதல் பருவம் முழுக்க மாலையில் அவள் பேச்சைக் கவனியுங்கள். வகுப்பில் தான் செய்த தப்பைக் கேட்காமலே சொல்கிறாளா, அல்லது யார் யார் அடிவாங்கினார்கள் என்று மட்டும் சொல்கிறாளா என்று பாருங்கள்.